ஹேமநாதனின் பதினேழு விதிகள்

மனித குலம் இதுவரை செய்த குற்றங்களில் பெரும்பாலானவை நடந்ததற்கு ஒரே காரணம், குற்றவாளிகளின் கணினியில் இருந்த உலாவியை ஹேமநாதன் நிர்வகிக்கவில்லை என்பதுதான்.

இதைச் சொன்னவர் ஹேமநாதனே. செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, பாசிர் கூடாங்கில் சாத்தப்பன் சரக்கு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், பால் விடாத கோப்பி ஓ குடித்தபடி, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். வயது முப்பத்து நான்கு. கணினிப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது.

“நம்ம ஆபீஸ்ல பென் டிரைவ் வேலை செய்யாது. வாட்ஸ்அப் பக்கம் தொறக்காது. ரகசிய விண்டோ கிடையாது. ஹிஸ்டரிய அழிக்கவே முடியாது. எல்லாம் பாலிசி. என் ரூம்ல உக்காந்து நான் ஒரு வரி எழுதுனா, எல்லார் பிரௌசர்லயும் அது சட்டம். பூட்டுன ரூம் மாதிரி. உள்ள இருந்து ஒரு எழுத்து வெளிய போவாது.”

“சட்டம் சரிண்ணே” என்றாள் எதிர் மேசையிலிருந்த கஸ்தூரி. கன்டெய்னர்களை வெளியே எடுக்கும் வேலை அவளுடையது. “மாத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?”

“கேக்கறதா? மேசை மேசையா போய், உங்களுக்கு வசதியா, போதுமா, இன்னும் வேணுமான்னா? அது கல்யாணப் பந்தி விசாரிக்கிறவன் வேலை. நான் அட்மின் லா.”

பிற்பகல் 2:10. தொலைபேசி அடித்தது.

கஸ்தூரி எடுத்தாள். கன்டெய்னர் கிடங்கின் வாசலிலிருந்து நிறுவனத்தின் லாரி ஓட்டுநர் பேசினார். எடுக்க வந்த கன்டெய்னர் அங்கே இல்லை. உள்ளே செம்புக் கம்பி. சரியான எண்ணைச் சொல்லி வேறொரு லாரி 12:15க்கே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கஸ்தூரி ரிசீவரை வைக்கவில்லை. காதிலிருந்து மெல்ல இறக்கி, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் 2:50. முதலாளி சாத்தப்பன் தம்போயிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் படியேறி முடிப்பதற்குள் ஹேமநாதன் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். எட்டு நிமிடம் ஆனதாக அவரே சொன்னார்.

கண்டுபிடிப்பு எளிமையானது. கப்பல் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஓர் எண் இருக்கும். கிடங்கு வாசலில் அந்த எண்ணைச் சொல்பவனுக்குக் கன்டெய்னர் சொந்தம். கஸ்தூரி எப்போதும்போல் பகல் 1:30க்குத்தான் எண்ணை எடுத்து ஓட்டுநருக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். ஆனால் கப்பல் நிறுவனத்தின் பதிவுப்படி அந்த எண் முதல்முதலாகத் திறக்கப்பட்டது 10:52க்கு, இதே அலுவலகத்திலிருந்து. அழிக்கவே முடியாத உலாவி வரலாறு அந்த 10:52ஐ ஒரு கணினியில் காட்டியது.

கஸ்தூரியின் கணினியில்.

“நான் அப்ப இடத்துலயே இல்ல பாஸ்” என்றாள் கஸ்தூரி. “முன்வாசல் படிக்கட்டுல நின்னு ஃபோன் பேசிக்கிட்டிருந்தேன். மகனுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து டீச்சர் கூப்பிட்டாங்க. இதோ பாருங்க, பத்து நாப்பத்தாறுல இருந்து பத்து அம்பத்தேழு வரைக்கும்.”

“ஒரு கையில ஃபோன், ஒரு கையில மவுஸ்” என்றார் ஹேமநாதன். “ஃபோன் பேசினதுக்குத்தான் அது சாட்சி. படிக்கட்டுக்கு இல்ல.”

சாத்தப்பன் நாற்காலியில் உட்காரவில்லை. “அஞ்சு மணிக்கு போலீஸ் பாலாய்க்குப் போறேன். ரிப்போர்ட் பண்ணணும். பேர் கேட்டா சொல்லித்தான் ஆகணும்மா.”

போலீஸ் புகாரில் பெயர் ஏறினால் துறைமுகத்துக்குள் போகும் பாஸ் முடங்கும். பாஸ் முடங்கிய ஒருத்திக்குப் பாசிர் கூடாங்கில் எந்தச் சரக்கு நிறுவனமும் நாற்காலி தராது. இது கஸ்தூரிக்குத் தெரியும். அங்கிருந்த எல்லோருக்குமே தெரியும் என்பதால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பகல் 3:25. காப்புறுதி நிறுவனத்தின் விசாரணை அதிகாரி பிரேமலா வந்தார். நாற்பத்தைந்து வயது. பதினாறு வருடம் வாகன விபத்துகளை விசாரித்தவர். ஓட்டுநர்கள் பொய் சொல்வார்கள், பம்பர் சொல்லாது என்பது அவர் கட்சி. கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அதை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டதால் ஹேமநாதனுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

“பத்து அம்பத்திரண்டுக்கு இந்த மாடியில யார் யார் இருந்தாங்க?”

“நாலு பேர் மேடம். நான் என் ரூம்ல. கண்ணாடி ரூம்ல வேதநாயகி ஆச்சி, சுங்கப் பத்திரமெல்லாம் அவங்கதான். அந்தக் கோடியில தீபன், லாரிகளை அனுப்பறவன். அப்புறம் இவங்க.”

“வெளியாளு?”

“எங்களுக்குச் சாவி இருக்கு. வெளியாளுன்னா, பட்டனை நாங்க உள்ள இருந்து அமுக்குனாத்தான் கதவே தொறக்கும். காலையில ஒருத்தரும் வரல.”

“நாலு கம்ப்யூட்டர். நீங்க எத்தனைல பாத்தீங்க?”

“ஒன்னுலதான். ஆள் கிடைச்சதுக்கப்புறம் எதுக்கு மேல தேடணும்?”

பிரேமலா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

பிற்பகல் 3:40. முதலில் கஸ்தூரி. அவள் தன் சாமான்களை ஏற்கெனவே ஒரு நெகிழிப் பையில் போட்டுவிட்டிருந்தாள்.

“ஃபோன் வந்ததும் ஸ்க்ரீன பூட்டிட்டுப் போனீங்களா?”

“இல்ல மேடம். மகனுக்குக் காய்ச்சல்னதும் அப்படியே எழுந்து ஓடிட்டேன். கப்பல் கம்பெனி பக்கம் தொறந்தே இருந்துச்சு.”

“திரும்பி வந்தப்போ?”

“பதினொன்னு இருக்கும். அந்தப் பக்கம் இல்ல. முகப்புப் பக்கம் இருந்துச்சு. யாரோ மூடிட்டாங்கன்னு நெனச்சேன்.”

முகப்புப் பக்கம் என்பது உலாவியைத் திறந்தவுடன் தானாக வந்து நிற்பது. அதில் ஹேமநாதனின் பதினேழு விதிகளும், மேலே ஹேமநாதனின் புகைப்படமும் இருந்தன. அதையும் மாற்ற முடியாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. பிரேமலா சற்றுப் பின்வாங்கினார்.

“ஒன்னும் இல்ல மேடம்” என்று கஸ்தூரி மவுஸை அசைத்தாள். “பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா மெஷின் தூங்கிடும். ஒன்பதாவது விதி.”

கணினி விழித்தது. பிரேமலா உலாவி வரலாற்றைத் தாமே விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துத் தாளில் எழுதினார். 10:52, எண் இருக்கும் பக்கம். 10:58, முகப்புப் பக்கம்.

“மேடம்” என்றாள் கஸ்தூரி. குரல் தாழ்ந்திருந்தது. “அஞ்சு மணிக்குள்ள முடியுமா?”

“பேசிக்கிட்டே இருந்தா முடியாதும்மா” என்று எழுந்தார் பிரேமலா.

பிற்பகல் 3:55. கண்ணாடி அறை. வேதநாயகி சாத்தப்பனுக்கு ஒன்றுவிட்ட அக்காள். அலுவலகத்துக்கே ஆச்சி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“பத்து நாப்பதுல இருந்து சுங்கத்துல ஒரு ஆபீசர்கூட லைன்ல இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். முப்பத்தெட்டு வரி! கடைசி வரியில இருக்கேன், பிரௌசர் டப்புன்னு மூடிக்கிச்சு. தொறந்தா இந்த ஹேமநாதன் மூஞ்சி. அந்த ஆபீசரே சிரிச்சுட்டாரு. நீங்க வேணும்னா அவரையே கேளுங்க.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“ஹேமாவுக்கு உடனே இன்டர்காம் போட்டேன். ‘உங்க கை எங்கயாவது பட்டிருக்கும் ஆச்சி’ங்கறான். முப்பது வருஷமா டைப் அடிக்கிற கை! வேற யார்கிட்ட சொல்ல? எனக்கு வயசாயிடுச்சுன்னு சிரிக்கவா? கதவைச் சாத்திட்டு மறுபடியும் முதல்ல இருந்து அடிச்சேன்.”

அவருடைய வரலாற்றில் முகப்புப் பக்கம் வந்த நேரம் 10:58. பிரேமலா அதையும் எழுதினார். பிறகு சுங்க அதிகாரிக்குத் தொலைபேசினார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 4:15. தீபன். இருபத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட சட்டை. மேசையில் ஒரு தூசி இல்லை. இவர்களில் பதற்றமே இல்லாதவன் அவன்தான். பிரேமலாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்க சிஸ்டர். பாவம் கஸ்தூரி. நல்ல பொண்ணு. யாரோ ஆசை காட்டியிருப்பாங்க.”

“பத்தரையில இருந்து நீங்க எங்க இருந்தீங்க?”

“இதே நாற்காலி. லாரி எங்கெங்க போவுதுன்னு மேப் பாத்துக்கிட்டிருந்தேன். காலையில நாலு லாரி ரோட்டுல. கண்ண எடுக்க முடியாது.”

“எழுந்திரிக்கவே இல்லயா? பாத்ரூம், தண்டாஸுக்குக்கூட?”

“பதினொன்னேகால் வரைக்கும் இல்ல.”

“மேப்ல நடுவுல ஏதாவது தொந்தரவு? நின்னுச்சு, மூடிக்கிச்சு, அந்த மாதிரி?”

“ஒன்னும் இல்ல. தண்ணி மாதிரி ஓடுச்சு. ஹிஸ்டரிய பாருங்களேன், பொய் சொல்லாது. நம்ம ஹேமா அண்ணன் பூட்டு அப்படி.”

பிரேமலா பார்த்தார். 10:31, லாரி வரைபடம். 11:16, முகப்புப் பக்கம். இடையில் எதுவுமே இல்லை. சுத்தமான வரலாறு.

“ரொம்ப சுத்தமா இருக்கு” என்றார்.

“தேங்க்ஸ் சிஸ்டர்.”

பிற்பகல் 4:38. சாத்தப்பன் கார் சாவியை எடுத்துவிட்டார். கஸ்தூரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் காதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

“பாஸ், பத்து நிமிஷம்” என்றார் பிரேமலா. “எல்லாரும் இங்க வாங்க. ஆச்சி, நீங்களும். மிஸ்டர் ஹேமநாதன், உங்ககிட்ட ஒரே கேள்வி. காலையில பத்து அம்பத்தெட்டுக்கு என்ன பண்ணீங்க?”

“நானா? ஒன்னும் இல்லையே.”

“ஆச்சி பிரௌசர் பத்து அம்பத்தெட்டுக்கு மூடித் தொறந்திருக்கு. கஸ்தூரியோடதும் அதே பத்து அம்பத்தெட்டு. ஆச்சியோட கை கஸ்தூரி மெஷின் வரைக்கும் நீளாது.”

ஆச்சி மெதுவாகத் திரும்பி ஹேமநாதனைப் பார்த்தார்.

ஹேமநாதன் கோப்பிக் குவளையைத் தேடினார். அது அவர் அறையில் இருந்தது. “ஒரு அப்டேட்டு. பிரௌசர மூடித் தொறந்தாத்தான் ஏறும். எல்லா மெஷின்லயும் ஒரே நேரத்துல தானா நடக்கற மாதிரி ஒரு விதி போட்டேன். பத்து அம்பத்தெட்டுக்கு. டீ நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி யார் வேலை செய்யப்போறாங்கன்னு…”

“முன்கூட்டியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்புறமாவது?”

“இல்ல.”

“படுபாவி” என்றார் ஆச்சி. “முப்பத்தெட்டு வரிடா!”

“திட்டாதீங்க ஆச்சி. அவர் சொல்லாம விட்டதுதான் இன்னிக்கு நமக்கு உதவி” என்றார் பிரேமலா. “ஆச்சி தன் மெஷின் மட்டும்தான்னு நெனச்சாங்க. கஸ்தூரி யாரோ மூடிட்டாங்கன்னு நெனச்சாங்க. ஒரே நேரத்துல எல்லார் பிரௌசரும் மூடிச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப இடத்துல இல்லாத ஆளுக்கு, அப்படி ஒன்னு நடந்ததே தெரியாது.”

பிரேமலா தாளைத் திருப்பினார்.

“மிஸ்டர் தீபன். உங்க பிரௌசர் ஏன் பத்து அம்பத்தெட்டுக்கு மூடல?”

தீபன் சிரித்தான். “அலமாக், அத என்கிட்ட கேட்டா? அண்ணனோட விதி என் மெஷினுக்கு வரலபோல.”

“வந்துச்சே. பதினொன்னு பதினாறுக்கு வந்துச்சு. பதினெட்டு நிமிஷம் லேட்டா. மிஸ்டர் ஹேமநாதன், எப்ப லேட்டாகும்?”

ஹேமநாதன் இப்போது வேறு குரலில் பேசினார். “மெஷின் தூங்கிக்கிட்டிருந்தா. தூக்கத்துல எந்த விதியும் ஓடாது. எழுப்பினவுடனே முதல் வேலையா மூடித் தொறக்கும்.”

“எப்ப தூங்கும்?”

“பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா.”

“அப்ப பத்து அம்பத்தெட்டுக்கு அது தூங்கிக்கிட்டிருந்தா, பத்து நாப்பத்தெட்டுல இருந்து அதை யாரும் தொடல. எழுந்தது பதினொன்னு பதினாறு. சரியா?”

“சரி.”

“நான் தொடலதான் சிஸ்டர்” என்றான் தீபன். இன்னமும் புன்னகை இருந்தது, ஆனால் வாயில் மட்டும். “மேப்ப பாக்கறதுக்கு எதுக்கு மவுஸ்? சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“தொடவே இல்ல?”

“தொடவே இல்ல.”

“அப்ப பத்து நிமிஷத்துல ஸ்க்ரீன் கறுத்திருக்கும். பதினொன்னு பதினாறு வரைக்கும் கறுப்பு ஸ்க்ரீன்ல எந்த லாரியப் பாத்தீங்க?”

தீபன் வாயைத் திறந்தான்.

“அவசரப்படாதீங்க” என்றார் பிரேமலா. “‘நடுவுல மவுஸ அசைச்சேன்’னு சொல்லப் போறீங்க. அசைச்சிருந்தா மெஷின் முழிச்சிருக்கும். முழிச்சிருந்தா பத்து அம்பத்தெட்டுக்கு உங்க கண் முன்னாடியே மேப் மூடி, இவர் படம் வந்திருக்கும். தண்ணி மாதிரி ஓடுச்சுன்னீங்களே.”

தீபன் சாத்தப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

சாத்தப்பன் கார் சாவியை மேசையில் வைத்தார். “சிகரெட் பிடிக்கப் போயிருக்கலாம் இல்லயா மேடம்? பயந்து மறைச்சிருக்கலாம்.”

“போயிருக்கலாம். அதுக்காகத்தான் தண்டாஸு வரைக்கும் கேட்டேன். எங்கயாவது போயிருந்தா சொல்றதுக்கு வாசல் தொறந்து வெச்சேன். அவர் சாத்திட்டாரு. மிச்ச பேரப் பாருங்க. ஆச்சி பத்து நாப்பதுல இருந்து அம்பத்தெட்டு வரைக்கும் சுங்க ஆபீசர்கிட்ட வரி வரியா படிச்சுக்கிட்டிருந்தாங்க. அவர்கிட்ட பேசிட்டேன். மிஸ்டர் ஹேமநாதன் அந்த நேரத்துல தன் விதிய ஏத்திக்கிட்டிருந்தாரு, அதுக்குப் பதிவு அவர் மெஷின்ல நிமிஷத்துக்கு நிமிஷம் இருக்கும், இப்பவே தொறந்து பாக்கலாம். நீங்க தம்போய்ல.”

“நான்?” என்றாள் கஸ்தூரி. தன்னை யாரும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டாள்.

“நீங்க பத்து அம்பத்திரண்டுக்கு எண்ண எடுத்திருந்தா, பத்து அம்பத்தெட்டுக்குப் பக்கம் மூடினத யாரோ மூடிட்டாங்கன்னு எங்கிட்ட வலிய வந்து சொல்லியிருப்பீங்க. உங்க மெஷின்ல வேற கை பட்டுச்சுன்னா அது உங்களுக்குக் கிடைக்கிற ஒரே சாட்சி. பொய் சொல்றவங்க அத முதல்லயே பெரிசா பேசுவாங்க. நீங்க நான் கேட்டதுக்கப்புறம் அரை வரியில சொன்னீங்க.”

பிரேமலா தீபன் பக்கம் திரும்பினார். “இவங்க ஃபோனோட படிக்கட்டுக்கு ஓடினதப் பாத்தீங்க. பக்கம் தொறந்து கெடந்துச்சு. எண்ண உங்க ஃபோன்ல ஒரு படம் புடிச்சா போதும். அதுக்கு எந்த பிரௌசர் பூட்டும் குறுக்க வராது. ஹிஸ்டரி அழியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அழியவேண்டாம்னுதானே இருந்தீங்க? அது கஸ்தூரி பேரச் சொல்லும். அப்புறம் தண்டாஸுலயோ எங்கயோ உக்காந்து லாரிக்காரனுக்கு அனுப்பி, பதில் வர்றவரைக்கும் காத்திருந்தீங்க.”

“என்கிட்ட எந்தப் படமும் இல்ல” என்றான் தீபன்.

“இருக்கான்னு நான் கேக்கலியே. போலீஸ் கேட்டுக்கும். ஃபோன மேசையில வைங்க.”

தீபன் வைக்கவில்லை. சட்டைப்பையின் மேல் அவன் கை போனது, அங்கேயே நின்றது. சாத்தப்பன் அவன் முன்னால் வந்து கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்கவில்லை.

“பாஸ்…” என்றான் தீபன். “நம்பர் மட்டும்தான் கேட்டாங்க. வேற எதுவும் நான் செய்யல.”

“கன்டெய்னர் எங்கடா?”

“தம்போய்ல. ஒரு பட்டறைக்குப் பின்னாடி. நாளைக்குத்தான் உடைக்கறதா சொன்னாங்க.”

“நான் காலையில உக்காந்திருந்த இடத்துல இருந்து ரெண்டு தெரு” என்றார் சாத்தப்பன், யாரிடமும் அல்ல.

பிற்பகல் 5:05. சாத்தப்பன் பாலாய்க்குக் கிளம்பினார். புகாரில் சொல்ல ஒரு பெயர் இருந்தது. தீபன் முன்னிருக்கையில் உட்கார்ந்தான். பின்னிருக்கையில் ஆச்சி ஏறிக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே போனதாகவும், பாலாய் வாசலில் தீபன் மற்ற எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்விட்டதாகவும் பிறகு தெரிந்தது. மாலை ஏழு மணிக்கு முன் கன்டெய்னர் கிடைத்தது. முத்திரை உடைபடவில்லை.

மாடியில் கஸ்தூரி பையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தாள். எல்லாம் வைத்த பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு, பள்ளி விட்டதும் மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்த ஆசிரியைக்கு ஃபோன் போட்டு, மகனை அழைத்துவர இதோ கிளம்பிவிட்டதாகச் சொன்னாள்.

பிரேமலா அறிக்கையை முடித்துவிட்டு எழுந்தார்.

“மேடம்” என்று ஹேமநாதன் அவரை வாசல்வரை வந்து பிடித்தார். “பாத்தீங்கல்ல? கடைசியில என் விதிதானே ஆளப் புடிச்சுக் குடுத்துச்சு?”

“ஆமா” என்றார் பிரேமலா. “அதே விதிதான் ரெண்டு மணி நேரம் அந்தப் பொண்ண திருடியா நிக்க வெச்சுச்சு. பத்து அம்பத்தெட்டுக்கு மூடப்போறேன்னு காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கஸ்தூரி வந்தப்பவே ‘அண்ணே, அது பத்து அம்பத்தெட்டுதானே? நான் எழுந்து பன்னெண்டு நிமிஷம் ஆயிடுச்சு, தூங்க வேண்டிய மெஷின் எப்படி முழிச்சிருந்துச்சு? யாரோ என் இடத்துல இருந்திருக்காங்க’ன்னு கேட்டிருப்பாங்க. மதியம் ரெண்டே முக்காலுக்கு நீங்க ஒன்னுல பாத்துட்டு நிறுத்தியிருக்க மாட்டீங்க. நிறுத்துனது ஏன்? மிச்சத்தப் பாத்தா ஆச்சிகிட்ட சொன்ன பொய் வெளிய வரும். அதானே?”

ஹேமநாதன் கதவைத் திறக்கும் பட்டனை அமுக்கினார்.

புதன்கிழமை, காலை 9:20. கஸ்தூரி எண்களை எடுத்துக்கொண்டிருந்தாள். மேசையருகே யாரோ வந்து நின்றார்கள். அவள் நிமிரவில்லை.

“கஸ்தூரி” என்றது குரல். “நேத்து அந்த அப்டேட்டு… உன் மெஷின்ல பாதிதான் ஏறியிருக்கு. இன்னொரு தடவை மூடித் தொறக்கணும். எப்ப வசதி?”

“மூனு கன்டெய்னர் இருக்குண்ணே. பதினொன்னுக்கு மேல.”

“பதினொன்னே கால்?”

“பதினொன்றரை.”

“சரி” என்றார் ஹேமநாதன். கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார். ஆச்சி சுங்க அதிகாரியோடு ஃபோனில் இருந்தார். இவரைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இன்னும் நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

ஹேமநாதன் கதவைத் தட்டவில்லை. வெளியே நின்றார்.